கடை வாசலைத் தாண்டாவிட்டால் திருட்டு இல்லையா?

“பொருளோடு கடை வாசலைத் தாண்டாதவரை அது திருட்டே இல்லை, தண்டித்தாலும் மேல்முறையீட்டில் நிற்காது.” அமெரிக்கச் சட்டம் என்று சொல்லிச் சுற்றும் இந்தச் செய்தி தவறு. நியூயார்க்கில் 1981-லேயே இதற்கு முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு அப்போது மூன்று வழக்குகள் வந்தன. ஒருவர் ஸ்பேனர்களை உடைக்குள் செருகிக்கொண்டு கல்லாவைக் கடந்தவர். மற்றொருவர் தோல் ஜாக்கெட்டின் விலைச்சீட்டையும் சென்சாரையும் பிய்த்தெறிந்து, அதை மாட்டிக்கொண்டு, தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தவர் (துணிச்சல்தான்!). மூன்றாமவர் அக்கம்பக்கம் பார்த்துப் புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டவர். மூவரும் கடைக்குள்ளேயே பிடிபட்டார்கள். மூவரின் தண்டனையும் உறுதியானது. உரிமையாளரின் உரிமைக்கு முரணாகப் பொருளைக் கையாண்டாலே போதும் என்றது தீர்ப்பு.

பொருளைக் கையில் எடுத்தாலே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒளித்தல், நோட்டம் விடுதல், கல்லாவைத் தாண்டுதல் போன்றவற்றிலிருந்தே திருடும் நோக்கம் ஊகிக்கப்படுகிறது.

மேல்முறையீட்டில் சாட்சியம் போதுமா என்று பார்ப்பது மறுவிசாரணையும் அல்ல. அரசுத் தரப்புக்குச் சாதகமாகச் சாட்சியத்தை எடுத்துக்கொண்டு, நியாயமாகச் சிந்திக்கும் எவராவது குற்றத்தை ஐயமற முடிவு செய்திருக்க முடியுமா என்று மட்டுமே கேட்பார்கள். இந்த அளவுகோலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-ல் வகுத்தது.