சரோவிடம் கற்றதைப் பாக்கியாவிடம் மறந்தேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் டிவியும் இருந்தது, அம்மாவின் கொலுசு வேலையும் நடந்தது. பட்டறையிலிருந்து எடை போட்டு வாங்கி வந்த வெள்ளிக் கண்ணிகளை மடியில் பரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கோர்த்தபடியே மெட்டி ஒலி பார்ப்பார். 2002-லிருந்து 2005 வரைக்கும் அந்தத் தொடர் ஆரம்பித்தால் எங்கள் தெருவே அடங்கிவிடும். சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் இரண்டாமவள் சரோ, மாமியாரிடமும் புருஷன் மாணிக்கத்திடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அம்மாவின் கை நின்றுவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிப் பொறுத்துப் போறா பாரு, தங்கமான பொண்ணு" என்பார். எனக்கு அப்போது பத்து வயது. தங்கமான பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

அதே வீட்டில் கோலங்கள் தொடரும் ஓடியது. தேவயானி நடித்த அபி, புருஷனை விட்டு விலகி, சொந்தமாகக் கட்டடக் கம்பெனி நடத்தி நிமிர்ந்து நின்றவள். எல்லோருக்கும் அபியைப் பிடிக்கும். ஆனால் அபி மாதிரி இரு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஆத்தூர் பக்கம் கல்யாணம் ஆகிப் போனேன். "உனக்கென்ன தெரியும், பேசாம இரு." இதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். புருஷன் அடிக்கவில்லை, அதனால் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பொறுத்தால் ஒருநாள் மாறுவார், அவர் மாறினால் அதுதான் என் அன்புக்குச் சாட்சி என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன்.

2020-ல் பாக்கியலட்சுமி தொடர் ஆரம்பித்தது. நானும் அத்தையும், என் மாமியார்தான், சேர்ந்துதான் பார்ப்போம். ஒருநாள் பாக்கியாவை அவள் புருஷன் கோபி மட்டம் தட்டிப் பேசுகிறான், அத்தைக்குத் தாங்கவில்லை. "நாசமாப் போறவன், இப்படிப்பட்ட பொண்டாட்டியப் போய்..." என்று திட்டிக்கொண்டிருந்தபோதே என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, காபி டம்ளரை நங்கென்று வைத்து, "ஒரு காபிகூடப் போடத் தெரியல உனக்கு" என்றார். அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போயி வேற போட்டுட்டு வா கண்ணு."

அத்தைக்கு என்மேல் எந்த வஞ்சமும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். பாக்கியாவுக்கு நடந்தது அவர் கண்ணுக்கு அநியாயமாகப் பட்டது, எனக்கு நடந்தது குடும்பமாகப் பட்டது. அடுப்படியில் பால் பொங்கி வழியும் வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பாக்கியா கோபியைத் துணிந்து எதிர்த்து நின்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அவள் தன் சமையலுக்குக் காசு வாங்கத் தொடங்கியது. வீட்டில் எத்தனையோ வருஷமாக அதே கை, அதே பக்குவம், அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று அவளுக்கே அப்போதுதானே தெரிகிறது! 2022-ல் எதிர்நீச்சல் தொடர் வந்தபோது, வீட்டுப் பெண்களை அதட்டி அடக்கும் ஆதி குணசேகரனின் "ஏம்மா ஏய்" வைத்து ஊரெல்லாம் ரீல்ஸ் போட்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, அந்தக் குரலோடு நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

சீரியல் எடுப்பவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெண்ணை நூற்றுக்கணக்கான நாள் அழவிட்டுவிட்டு, கடைசியில் அந்த ஆள் வருந்தி நிற்பதைப் பரிசு மாதிரி காட்டுவார்கள். அந்த எபிசோடுக்காகத்தான் நானும் காத்திருந்தேன், அது வரவே இல்லை. அவர் வருந்தினால்தான் நான் நல்லவள் என்று ஆகுமா? இதைக் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்பது வருஷம் ஆனது.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன், கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறேன். போன வாரம் அம்மாவிடம், இத்தனை வருஷத்தில் எத்தனை கிலோ கொலுசு கோர்த்திருப்பீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பட்டறை நோட்டு எல்லாமே அப்பா பெயரில், கூலியும் அப்பா கையில்தான் போயிருக்கிறது. புது நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளாக அதை டிவி பக்கத்திலேயே வைத்திருக்கிறார், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி.