கைராசி டாக்டரும் 120/80 ரிஜிஸ்டரும்

எங்கள் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்தால் முதலில் வரும் பதில், "நல்ல கைராசியான ஆளு" என்பதுதான். அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரைக்கும் இதுதான் தரச் சான்றிதழ். எந்தச் சுவரிலும் தொங்காது, ஆனால் எல்லாரும் நம்புவார்கள். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிராதிய" என்று நாலு பொம்பளைகள் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் போகக்கூடாது என்பதை ஊர்ப்பேச்சு சொல்லாது. அதற்கு உட்கார்ந்து எண்ண வேண்டும்.

வியன்னாவில் 1840-களில் இதே மாதிரி ஒரு ஊர்ப்பேச்சு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டு. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். எந்த வார்டில் சேர்ப்பார்கள் என்பது வலி வந்த நாளைப் பொறுத்தது. டாக்டர் வார்டுக்குரிய நாளில் வந்த பெண்கள், அங்கே சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் இரண்டு வார்டுச் சாவுகளையும் மாதவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தார். பெண்கள் பயந்ததில் தப்பே இல்லை. பிணவறையில் உடலை அறுத்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார். ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்த வார்டில், அடுத்த சில மாதங்களில் அது 2 என்கிற அளவுக்கு இறங்கியது. (மருத்துவச்சிகள் வார்டு முதலிலிருந்தே தேவலை என்பதை எங்கள் கூட்டத்தின் சார்பில் இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.)

நம் மாநிலத்திலும் அப்படி ஒரு கணக்கு நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2001-03-இல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் 54. அதே காலத்தில் இந்தியாவின் கணக்கு 301-லிருந்து 97. இதற்கு 108 வண்டி, இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம், சிக்கலான பிரசவத்துக்கும் பச்சைக்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் சீமாங் சென்டர் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. நான் முதலில் சொல்வது வேறொன்று. ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவு ஒரு எண்ணாக மட்டும் மேலே போகாது. அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வலி வந்தது? யார் முடிவெடுத்தார்கள்? வண்டி எப்போது வந்தது? முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள்? ரத்தம் எப்போது ஏறியது? பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் ஆச்சியிடம் இதைக் கேட்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கேட்டதை எழுதி, கலெக்டர் தலைமையில் கூட்டம் போட்டு, குடும்பத்தாரையும் பேசவிட்டு, எங்கே நேரம் போனது என்று தேடுவார்கள். ரத்தம் வரத் தாமதம் என்றால் ரத்தத்துக்கு ஏற்பாடு. வண்டி தாமதம் என்றால் வண்டிக்கு. அளவீடு என்றால் எனக்கு மனதில் வருவது அந்தத் திண்ணைதான், கம்ப்யூட்டர் திரை அப்புறம்.

இனி இன்னொரு ரிஜிஸ்டர். பிரஷர் ரிஜிஸ்டர். எந்த ஊர், எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. பக்கத்தைப் புரட்டினால் 120/80, 130/80, 120/80, 110/70. ஊரே சைபரில் முடிகிறது. மெஷினில் பார்த்தால் 137/86 என்றும் 143/91 என்றும்தான் வரும், மனுஷ உடம்பு அவ்வளவு வட்டமாகக் கணக்கு வைக்காது. எழுதியவள் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். ஒழுங்காகப் பிரஷர் பார்க்க, ஆளை அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், வாய் பேசக்கூடாது. நம்ம ஊரில் கடைசி விதி மட்டும் நடக்காத காரியம். கையில் பட்டையைச் சுற்றியதுமே மருமகள் கதை ஆரம்பித்துவிடும். அந்த அஞ்சு நிமிஷத்தை எல்லா வீட்டுக்கும் கொடுத்தால் அன்றைய லிஸ்ட் முடியாது. முடியாவிட்டால் ரிவ்யூ மீட்டிங்கில் நிற்க வேண்டும். அதைவிட மோசம், உண்மையாகப் பார்த்து நிறையப் பேருக்கு அதிகம் என்று எழுதினால், "உன் ஏரியாவுல மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேள்வி. நல்லா அளந்தவளுக்குத் திட்டு, 120/80 போட்டவளுக்கு டீ. இப்படி ஒரு வருஷம் நடந்தால், ரிஜிஸ்டரில் தெரிவது மக்களின் பிரஷர் இல்லை, செவிலியரின் பயம்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாதிரி நோய்கள் எத்தனை பேருக்கு என்று பார்க்க, 2020-இல் மாநிலம் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு சொன்னது: ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8. அடுத்த வருஷம் ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி வீட்டுக்கே மாத்திரை வந்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் அவை 17, 16.7 என்று ஏறின. நல்ல ஏற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் 100-க்கு 83 பேர் வெளியேதான் நிற்கிறார்கள். போஸ்டரில் நாம் போடுவதோ எத்தனை லட்சம் பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பதை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்கா, "சாப்பிட்டா தலை சுத்துது, ஆயிரம் பீடி முடிய மாட்டேங்கு" என்று மாத்திரையைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தால், அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. 'வழங்கப்பட்டது: ஆம்' என்று ஆகிவிடும். பாபநாசம் அணையில் 143 அடிக்கு இன்று எத்தனை அடி தண்ணீர் என்று காலையில் பேப்பரில் பார்க்கிற விவசாயியிடம், மடையை இத்தனை தடவை திறந்தோம் என்று பதில் சொல்லிப் பாருங்கள். வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

எண் கையில் கிடைத்தவுடன் தீர்ப்பு எழுதுவதும் ஆபத்துதான். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான்) சாவு அதிகம் என்று பேசுவார்கள். இருக்கும்தான். தென்காசியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் ராத்திரி ரெண்டு மணிக்கு, மற்றவர்கள் கைவிட்ட கேஸ் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. "எங்க கிட்ட ஒரு சாவுகூட இல்லை" என்று பெருமைப்படும் நர்சிங் ஹோம், மூச்சு இழுக்க ஆரம்பித்ததுமே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கும். வந்தபோது நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சேர்க்காமல் இரண்டு ஆஸ்பத்திரியை ஒப்பிட்டால், கஷ்டமான கேஸை எடுப்பவர்களைத்தான் தண்டிப்போம். சிசேரியனும் இப்படித்தான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு ஆஸ்பத்திரியில் 36. இதை வைத்து எந்த டாக்டரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்கு விளக்கம் கேட்காமல் இருப்பதும் சரியில்லை.

செய்து காட்டியவர்கள் நம் சீமையிலேயே இருக்கிறார்கள். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வையே போகலாம். அப்படிக் கெட்டுப்போனவற்றையும் அவர்கள் எண்ணினார்கள், எண்ணியதை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2009-இல் வந்த கட்டுரையில், தொடர்ச்சியாக 42,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அதோடு விடவில்லை. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 6 லட்சம் ஆபரேஷன்களை அலசிய 2017 கட்டுரையில், பத்தாயிரத்துக்கு 7 என்பது 2 ஆனது. எனக்கு இதில்தான் பிரமிப்பு. பத்தாயிரத்துக்கு ஏழுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்த டாக்டரின் கைக்கும் தட்டுப்படாது, எவ்வளவு ராசியான கையாக இருந்தாலும். எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் போட்டு எண்ணியதால்தான் அது தெரிந்தது. உள்ளதைச் சொன்னவர்களைத் துரத்துகிற இடமாக இருந்திருந்தால் சீழ் பிடித்த கண்கள் கணக்குக்கே வந்திருக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். போன மாதம் பார்த்தபோது எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருந்தது என்று கேளுங்கள். சர்க்கரைக்காரர்களில் எத்தனை பேருக்கு ரத்தச் சர்க்கரையின் மூணு மாத ஆவரேஜ் பார்த்தீர்கள், அதில் எத்தனை பேருக்குக் குறைந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல எழுந்து நிற்கிற செவிலியரிடம் மோசமான எண் இருந்தால் சத்தம் போடாதீர்கள், ஒருவேளை அந்தப் பிள்ளைதான் ஒழுங்காக அளந்திருக்கும். மெஷினுக்கு பேட்டரி இருக்கா, தடித்த கைக்குச் சுற்றப் பெரிய பட்டை இருக்கா, ஒரு ஆளுக்கு எத்தனை வீடு என்று அவரிடம் விசாரியுங்கள். பட்டை இல்லை என்றால் அதை வாங்கித் தரச் சொல்லி அன்றைக்கே தீர்மானத்தில் எழுத வையுங்கள்.