ஏழாம் மாதத்தில் அக்கா பாடினாள்

கணவரை இழந்த என் அக்கா, கடலூர் வண்டிப்பாளையத்தில் ஒரு நவராத்திரிக் கொலுவில் பாடினாள்; அந்தக் காணொளியைப் பார்த்து மூன்று நாளாக உறவினர்கள் அவளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். “கணவன் போய் ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் பாட்டா?” என்று குடும்பக் குழுவில் பெரியப்பா எழுதிய ஒற்றை வரிக்கும், அதை ஆமோதித்து வரிசையாக வந்தவர்களுக்கும் மட்டும் பதில் சொல்கிறேன். மரியாதை குறையாமல்தான் சொல்கிறேன் பெரியப்பா. ஆனால் வருத்தத்தை மறைத்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை.

துக்கம் தீர்ந்துவிட்டதால் அக்கா பாடவில்லை, துக்கத்தோடுதான் பாடினாள். அத்தான் இருந்தபோது காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சுருதி சேராமல் முணுமுணுத்த பாட்டு அது. இரண்டாம் அடியில் அவர் எப்போதும் தடுமாறிய இடத்தில் அவளும் ஒரு நொடி நின்றாள், பிறகு மேலே போனாள். காணொளியைப் பார்த்தவர்களில் ஒருவர் காதிலும் அந்த நிறுத்தம் விழவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்.

துக்கத்தில் பாட்டு கூடாது என்பவர்கள் ஒப்பாரியை என்னவென்று நினைக்கிறார்கள்? இறந்தவரின் நடையையும் குணத்தையும், அவர் பண்ருட்டியிலிருந்து தோளில் சுமந்து வந்த பலாப்பழத்தையும்கூட உட்கார்ந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுகிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே? 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் தேவனாம்பட்டினம் கடலில் பாலூற்றி அழும்போது, அந்த அழுகை தானாக ராகத்தில் போய் விழுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பாடியதால் அவர்கள் யாரை மறந்தார்கள்?

என் கதையையும் சொல்ல வேண்டும். அம்மா இறந்த இரண்டாவது வாரம், 2011 டிசம்பர் 30 அன்று, ‘தானே’ புயல் எங்கள் வீட்டு ஓடுகளைக் கொண்டு போனது. அதன் பிறகு பல நாள் மின்சாரம் இல்லை. இருட்டில் உட்கார்ந்து அம்மா பாடிய தாலாட்டை நினைவிலிருந்து ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரியில் மாமன் கொண்டு வந்தது வெள்ளிக் கிலுகிலுப்பையா, வெள்ளிச் சங்கா என்பதில் எனக்கும் சித்திக்கும் சண்டையே வந்துவிட்டது. அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சிரித்தது அந்தச் சண்டையின் முடிவில்தான். அன்றிரவுதான் எனக்குத் தூக்கமும் வந்தது.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். நம் குடும்பத்திலேயே மனைவியை இழந்த ஓர் ஆண் நாற்பதாவது நாளில் பஜனைக்குப் போனபோது, “நல்லது, மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்” என்று இதே குழுவினர்தான் சொன்னார்கள். அந்த ஆறுதல் பெண்ணுக்கு மட்டும் ஏன் அடக்கமின்மை ஆகிறது?

வீட்டுக்குள் பாடியிருக்கலாமே என்று சிலர் கனிவாகவே கேட்டார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டுக்குள் அவள் பாடிப் பார்த்தாள். மூன்றாம் அடிக்குள் குரல் உடைந்துவிடும், சுவர்களைத் தவிர கேட்க யாருமில்லை. எதிரே நாலு பேர் உட்கார்ந்து தாளம் போட்டபோதுதான் அவளால் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்க முடிந்தது.

பிரதோஷம் தவறாமல் திருவதிகை சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் நீங்கள். தாய் தந்தையை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரையும் போரில் இழந்து, உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காக வாழ்ந்து, அந்தக் கோயிலில்தானே திருவலகிட்டு (கூட்டிப் பெருக்கி), மெழுகி, மாலை தொடுத்தார்? சூலை நோயால் துடித்து வந்த தம்பியை அவர் அழைத்துப் போய் நிறுத்தியதும் அதே சன்னிதியில்தான். அங்கே, அப்பர் என்று நாம் போற்றுகிற அந்தத் தம்பியின் வாயிலிருந்து வந்ததும் பாட்டுத்தான். திலகவதியாரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். எங்கள் அக்காவைப் பார்த்து மட்டும் ஏழு மாதக் கணக்குப் போடுகிறோம்.

அந்த ஒரு வரியைப் படித்த அன்றே அவள் சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். அத்தான் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. இன்று காலை நான் அதை இறக்கித் தூசி தட்டி அவள் அறைக்குக் கொண்டு போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், இன்னும் திறக்கவில்லை.