டீ போட நாலு அடாப்டரா?

யூரோப் முழுக்க, உள்ளயே சமைச்சு தூங்குற வேன்ல சுத்தலாம், முக்காவாசி பார்டர்ல ஒருத்தனும் நிறுத்த மாட்டான், 2024 டிசம்பர்லருந்து போன் சார்ஜர் கூட யுஎஸ்பி-சி தான்னு சட்டமே போட்டாச்சு. ஆனா டீ போடுற கேஸ் சிலிண்டர் மட்டும் நாட்டுக்கு நாடு வேற வாயாம்! ஜெர்மனில எடுத்த 11 கிலோ சாம்பல் கலர் சிலிண்டர் காலியானா பிரான்ஸ்ல மாத்தித் தர மாட்டான், புதுசுக்கு டெபாசிட் கட்டு, ரெகுலேட்டர் சேராது, அடாப்டர் வாங்கு, அது நாலு விதம், எது எதுக்குன்னு கொட்டுற மழைல ஸ்பானரோட குந்திக்கிட்டு திருகு, மரை வேற எதிர்ப்பக்கம் சுத்தும். பல நாட்டுலயும் கெடைக்குதேன்னு அந்த நீலக்கலர் குட்டி சிலிண்டர் பக்கம் போனா வெலைய கேட்டதுமே பசி அடங்கிடுது. இதுல குரோஷியால கேம்ப்சைட்டுக்கு வெளிய வேன்ல ராத்திரி தங்குனா ஃபைன் வேற. சமைக்கவும் விடாதீங்க, தூங்கவும் விடாதீங்க, நல்லாருங்கய்யா!