எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!

"இருபது வருஷமா கஞ்சா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் நண்பர், டீக்கடையில். பொய் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறார், வீட்டுக்கடன் தவணை கட்டுகிறார், பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அதையே ஊருக்கெல்லாம் உத்தரவாதமாக நீட்டும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

படிப்பு முடிந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு பேர் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஒரே பொட்டலம், ஒரே சிகரெட், நான்கு கை மாறியது. சேலத்துக்காரன் அரை மணி நேரம் சிரித்தான், அப்புறம் பரோட்டா தேடி இறங்கினான். இன்னொருவன் தூங்கிவிட்டான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செத்துவிடுவேன் என்று நினைத்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றோடு சரி.

நான்காமவனுக்கு அன்று எதுவுமே ஆகவில்லை. நன்றாக இருக்கிறது என்றான். தினமும் என்றானது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மே மாத மதியம் அறைக்குப் போனால், ஃபேனை அணைத்துவிட்டு, வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறான். ஏண்டா என்றால், "அது என் பேரைச் சொல்லிட்டே இருக்குடா" என்கிறான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்து கூட்டிப் போனார். அவனுடைய தாய்மாமா பல வருஷம் மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அவனுக்கே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பெருமையாகச் சொல்வார்கள், இதை மட்டும் வாயே திறக்க மாட்டார்கள்.

கஞ்சாதான் அவனைக் கெடுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாமலும் வந்திருக்கலாம். ஆனால் 1969-70இல் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட சுவீடன் இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 1987இல் முடிவு வந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா அடித்தவர்களிடம் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது குறைந்தது, ஆனால் மறையவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அவ்வளவு அடித்தவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவில்லை. அந்த ஆய்வில் என் டீக்கடை நண்பர் மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள், என் அறைத்தோழன் மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது? போதை தருவது கஞ்சாவில் உள்ள டிஹெச்சி என்ற பொருள். அது போய் ஒட்டும் இடங்கள் மூளையில் ஏற்கெனவே இருக்கின்றன, உடம்பே சுரக்கும் ஒரு பொருளுக்காக. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம்மூர் 'ஆனந்த'த்தை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். டிஹெச்சியைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி, மரபணுப்படி சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். அவர்கள் ரத்தத்தில் அது கூடுதல் நேரம் நிற்கும். வயதும் கணக்கில் உண்டு. மூளை இருபதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும், பதினாறு வயதுப் பையனும் நாற்பது வயது ஆளும் ஒன்றல்ல.

உள்ளே போகும் வழியும் முக்கியம். புகைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பாங்கு என்கிற கஞ்சா இலை உருண்டை மாதிரி சாப்பிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றித்தான் அனுப்புகிறது. ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொரு உருண்டையைப் போட்டவர்கள்தான் ஹோலியன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். ஒரு இழுப்பு இழுத்தால் பைத்தியம் என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துகிறார்களே, அதுவும் எனக்கு ஆகாது. பையன் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்க்கிறான். அவன் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அதோடு நாம் சொல்லும் மற்ற உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிவிடும். அதே செடியிலுள்ள சிபிடி என்ற போதை தராத பொருளை, சில கடுமையான குழந்தை வலிப்புகளுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல, மச்சான் வீட்ல, யாருக்காவது மனநோய் இருந்திருக்கா? பையன்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.