மேட்டர் முத்திரை இருந்தால் மட்டும் போதாது

ஸ்மார்ட் ஹோம் கருவி வாங்கும்போது “பெட்டியில் மேட்டர் (Matter) முத்திரை இருந்தால் போதும், ஹப்பே (கருவிகளை இணைக்கும் மையப் பெட்டி) வேண்டாம், எதுவும் எதோடும் சேரும்” என்று சொல்வது பாதிதான் சரி. இதை நம்பி வாங்கினால் காசு வீண்.

மேட்டர் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுவான முறை மட்டுமே. அந்தப் பேச்சு வைஃபை வழியாகப் போகிறதா, த்ரெட் (Thread, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் வலை) வழியாகவா என்பதைப் பெட்டியில் தனியாகப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கதவு சென்சார்கள் பெரும்பாலும் த்ரெட். அதற்கு த்ரெட் பார்டர் ரவுட்டர் (த்ரெட் வலையை வீட்டு நெட்வொர்க்கோடு இணைப்பது) ஒன்று கட்டாயம்: ஆப்பிளின் ஹோம்பாட் மினி, கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப், அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ போன்றவற்றில் உள்ளேயே இருக்கிறது. நெஸ்ட் மினியிலும் ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டிலும் கிடையாது. பலர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இரண்டுமே மேட்டர் கன்ட்ரோலர்கள், அதாவது மேட்டர் கருவிகளைச் சேர்த்து இயக்குபவை. வைஃபை பிளக் சேரும், த்ரெட் சென்சார் சேராது.

வைஃபை கருவியிலும் சிக்கல் உண்டு. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ரவுட்டரில் ஐபிவி6-ஐ (IPv6, மேட்டர் பயன்படுத்தும் இணைய முகவரி முறை) முடக்கியிருந்தாலோ, கருவியைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) போட்டிருந்தாலோ இணைப்பு பாதியில் நிற்கலாம். பழி பல்புக்குப் போகும்.

ஜிக்பீ (Zigbee) என்ற வேறொரு வயர்லெஸ் முறையில் ஓடும் பழைய பல்புகள் நேரடியாகச் சேராது, இடையில் இணைத்துத் தரும் பிரிட்ஜ் வேண்டும். பிலிப்ஸ் ஹியூ பிரிட்ஜுக்கு 2023-இல் மேட்டர் அப்டேட் வந்துவிட்டதால், அதை வைத்திருப்பவர்கள் பல்பை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று: கருவியின் 11 இலக்க இணைப்புக் குறியீட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால், ரீசெட் செய்த பிறகு மறுபடி சேர்ப்பது பெரும்பாடு.