கையை ஸ்டியரிங் மேல வைங்க, சார்

வாசலில் கார் நிற்கிறது. சாவி அப்பாவிடம், எல் போர்டு மகளிடம். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அம்மா ரயிலில் வந்து இறங்குகிறாள், போய்க் கூட்டி வர வேண்டும். போன வாரம் பின் விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் அப்பாவையும் அம்மாவையும் நிறுத்தியது. அப்பா விளக்கம் கொடுத்தார். அவர் பேசி முடித்தபோது ஒரு ஃபைன் நான்காகியிருந்தது. "இனிமே இவர்கூட முன் சீட்டுல உக்கார மாட்டேன்" என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். மகள் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். இரண்டாம் வருஷம்தான் ஆபத்தானது. எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், யாரும் காசு கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

அப்பா: ஏறு. போற வழியில போலீஸ் நிறுத்தினா எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றேன்.

மகள்: நீங்களா?

அப்பா: முப்பது வருஷ சர்வீஸ்மா.

மகள்: ஓட்டறதுலயா, மாட்டிக்கறதுலயா?

அப்பா: ரெண்டுலயும்தான். அனுபவம்னா சும்மாவா?

மகள்: சரி, ஒத்திகை பாத்துடலாம். நான் போலீஸ். நீங்க ஓட்டிட்டு வர்றீங்க. (பத்தடி முன்னால் போய் நின்று கையைத் தூக்குகிறாள்.) நிறுத்துங்க!

அப்பா: டுர்ர்ர்ர்ர்...

மகள்: அப்பா, நிறுத்துங்கன்னு சொன்னேன்.

அப்பா: சிக்னல் பச்சையா இருக்கே.

மகள்: எந்தச் சிக்னல்?

அப்பா: நீ மட்டும் போலீஸைக் கற்பனை பண்ணலாம், நான் ஒரு பச்சை விளக்கு வச்சுக்கக் கூடாதா?

மகள்: வச்சுக்கோங்க. ஆனா விளக்கு ஒண்ணு சொல்லி, போலீஸ் கை வேற ஒண்ணு சொன்னா கை சொல்றதுதான் செல்லும். 1968ல வியன்னாவுல போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயே அப்படித்தான் இருக்கு.

அப்பா: அப்ப விளக்கு எதுக்கு?

மகள்: போலீஸ் இல்லாத நேரத்துக்கு.

அப்பா: போலீஸ் இல்லாத நேரத்துல விளக்கை யாரு பாக்கறா?

மகள்: இதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.

அப்பா: ஒருவேளை நிறுத்தாமலே போயிட்டா?

மகள்: துரத்துவாங்க. இங்கிலாந்துல, கென்ட்ல, 1896ல ஒருத்தர் ஊருக்குள்ள மணிக்கு 8 மைல் வேகத்துல கார் ஓட்டிட்டுப் போனார். அங்க 2 மைல்தான் அனுமதி. மனுஷன் நடக்கறதை விட மெதுவா போகணும்னு சட்டம். ஒரு கான்ஸ்டபிள் சைக்கிள்ல துரத்திப் பிடிச்சுட்டார்.

அப்பா: காரைச் சைக்கிள்லயா? அந்தக் காரை வித்திருக்கணும்.

மகள்: மறுபடியும் ஆரம்பிக்கறேன். நிறுத்துங்க!

(அப்பா நிறுத்துகிறார். நிறுத்திய கையோடு கதவைத் திறந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாணத்தில் சம்பந்தியை எதிர்கொள்ளப் போகிறவர் மாதிரி நடந்து வருகிறார்.)

மகள்: ஏன் இறங்கினீங்க?

அப்பா: ஒரு மரியாதைதான். அவர் நிக்கும்போது நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?

மகள்: உங்களுக்கு அது மரியாதை. அவருக்கு, யாரோ ஒரு ஆள் வேகமா தன்னைப் பாத்து வர்றான், அவ்வளவுதான். அமெரிக்காவுல இப்படி நடந்து போனா அவர் கை துப்பாக்கிக்குப் போயிடும். உள்ளயே இருங்க. அவரே இறங்கச் சொன்னா இறங்குங்க. அப்படி இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்குன்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1977லயே சொல்லிடுச்சு.

அப்பா: சொன்னா இறங்கணும், சொல்லலைன்னா இறங்கக் கூடாது. உங்கம்மாகூட ஓட்டற மாதிரிதான்.

மகள்: அப்ப பழக்கம் இருக்கு, நல்லது. உக்காருங்க. இஞ்சினை அணைங்க. கண்ணாடியை இறக்குங்க. (ஜன்னல் அருகே வந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு) வணக்கம் சார். லைசென்ஸ், வண்டிப் பேப்பர் எல்லாம் காட்டுங்க.

(அப்பா சட்டென்று குனிந்து டேஷ்போர்டு டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விடுகிறார். போன வருஷத்துப் பார்க்கிங் சீட்டுகள் ஒரு கத்தை, வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன சூயிங்கம், ஒற்றைக் கையுறை, அம்மாவின் கொண்டை ஊசி இரண்டு...)

அப்பா: ஏய், என் கண்ணாடி! மூணு மாசமா வீடு பூரா தேடினேன். உங்கம்மாவைத் திட்டினேனே!

மகள்: சார், ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல!

அப்பா: கண்ணாடிதான்மா...

மகள்: அது உங்களுக்குத் தெரியும். வெளிய நிக்கறவருக்கு உங்க முதுகுதான் தெரியுது. அந்தக் கையில என்ன வரப்போகுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பயம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல, அவருக்கும் உண்டு. "பேப்பர் இந்த டப்பாவுல இருக்கு, எடுக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டு, மெதுவா எடுக்கணும். ராத்திரின்னா உள் விளக்கைப் போட்டுடணும். அதுவரைக்கும் கை ஸ்டியரிங் மேலயே இருக்கட்டும்.

அப்பா: மூக்கு அரிச்சா?

மகள்: கேட்டுட்டு சொறியுங்க.

(இதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் மூக்கு அரிப்பு நின்றிருக்கும்.)

மகள்: சரி சார். உங்களை எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா?

அப்பா: (உடனே) அந்த முனையில ஒன்வேயில வந்தேனே, அதுக்கா? ரோடு காலியா இருந்துச்சு சார்.

மகள்: ...

அப்பா: இல்லையா? அப்ப போன் பேசினதுக்கு. நானா பேசலை சார், அவங்களா கூப்பிட்டாங்க. அதுவும் இல்லையா? சீட் பெல்ட்டா? உங்களைப் பாத்ததும் போட்டுக்கிட்டேனே!

மகள்: பின் விளக்கு எரியலை சார்.

(மௌனம். அப்பா எதிரில் இருக்கும் சுவரைப் பார்க்கிறார்.)

மகள்: போன வாரமும் இப்படித்தான் ஆச்சா?

அப்பா: கேட்டாங்க, சொன்னேன். உண்மையைப் பேசறது தப்பா?

மகள்: அப்பா, அவங்க சொன்னது விளக்கு. நீங்க கொடுத்தது விளக்கம். "தெரியலை சார், சொல்லுங்க"ன்னு மூணு வார்த்தையில முடிய வேண்டியது. பொய் சொல்லச் சொல்லலை. கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன். வாயை மூடிக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்காக மனுஷங்க எவ்வளவு போராடியிருக்காங்க தெரியுமா?

அப்பா: அந்த உரிமை நம்ம வீட்டுல எனக்கு மட்டும்தான் முழுசா இருக்கு. அதான் வெளிய வந்தா பேசிடறேன்.

மகள்: மேல போவோம். லைசென்ஸ் சார்?

அப்பா: (நெஞ்சை நிமிர்த்தி) நான் யார் தெரியுமா?

மகள்: தெரியாது. அதுக்குத்தான் லைசென்ஸ் கேக்கறேன்.

அப்பா: அது சும்மா வாய்ல வந்துடுதும்மா.

மகள்: வரக்கூடாது. அமெரிக்காவுல கிராண்ட்டுன்னு ஒரு ஜனாதிபதி. 1872ல வாஷிங்டன் தெருவுல குதிரை வண்டியை வேகமா விரட்டிட்டுப் போயிருக்கார். வெஸ்ட்டுன்னு ஒரு போலீஸ்காரர், கறுப்பினத்தவர், நிறுத்தி எச்சரிச்சு அனுப்பினார். மறுநாள் மறுபடியும் அதே வேகம். ஜனாதிபதின்னு நல்லாத் தெரிஞ்சும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். வெஸ்ட்டே 1908ல பத்திரிகைக்குச் சொன்ன கதை இது.

அப்பா: ஜனாதிபதி என்ன பண்ணார்?

மகள்: பணத்தைக் கட்டிட்டுப் போனார். நான் யார் தெரியுமான்னு கேக்கலை.

அப்பா: தெரிஞ்சவர்கிட்ட எப்படிக் கேக்கறது? எனக்கு அந்த வசதி இல்லையே. (போனை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டுகிறார்.) சார், ஒரு நிமிஷம், இவர்கிட்ட பேசுங்க.

மகள்: யாரு லைன்ல?

அப்பா: யாரும் இல்ல. நீட்டினாலே பாதிப் பேரு தயங்குவாங்க.

மகள்: மீதிப் பாதி?

அப்பா: "ஹலோ"ன்னுடுவாங்க. போன வாரம் அந்தப் பாதிதான்.

மகள்: அடுத்து, லைசென்சுக்குள்ள நோட்டை மடிச்சு வச்சுக் கொடுக்கறது...

அப்பா: சே, அதெல்லாம் நான் பண்ண மாட்டேன்.

மகள்: நல்ல மனுஷன்.

அப்பா: பண்ணலாம்னுதான் பாத்தேன், சில்லறை இல்ல.

மகள்: நல்லவேளை. ஃபைனோட போறது கேஸ் ஆகியிருக்கும்.

அப்பா: அதெல்லாம் சரி. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், நிறுத்துன்னா நிறுத்தணும், உக்காருன்னா உக்காரணும், மூக்கைக் கூடக் கேட்டுத்தான் சொறியணும். போலீஸ் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டே போக நான் என்ன பூம்பூம் மாடா?

மகள்: இப்பதான் நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. அவங்களுக்கும் கயிறு இருக்கு. எவ்வளவு நீளம்னு நாட்டுக்கு நாடு மாறும், அவ்வளவுதான். பிரிட்டன்ல 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தோட 163வது பிரிவுப்படி, சீருடையில இருக்கற போலீஸ் எந்த வண்டியை வேணும்னாலும் நிறுத்தலாம். காரணமே வேண்டாம். அமெரிக்காவுல அது நடக்காது. சந்தேகப்பட ஒண்ணுமே இல்லாம, லைசென்ஸ் இருக்கான்னு பாக்க மட்டும் நினைச்ச வண்டியை நிறுத்தக் கூடாதுன்னு 1979ல தீர்ப்பு வந்துடுச்சு.

அப்பா: நிறுத்தினப்புறம்?

மகள்: அதுக்கும் அளவு உண்டு. 2015ல ஒரு கேஸ். ஒருத்தரை நிறுத்தி, எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, எல்லாம் முடிஞ்சாச்சு. அப்புறமும் மோப்ப நாய் சுத்தி வரட்டும்னு ஏழெட்டு நிமிஷம் நிக்க வச்சாங்க. வந்த வேலை முடிஞ்சா விட்டுடணும், காரணமில்லாம இழுக்கக் கூடாதுன்னு அதே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அப்பா: ஏழு நிமிஷத்துக்கா? போன வாரம் நான் நாப்பது நிமிஷம் நின்னேனே!

மகள்: நீங்க நின்னீங்களா, அவங்களை நிக்க வச்சீங்களா? அந்தப் போலீஸ்காரர் கடைசியில உக்காரவே இடம் தேடினாராமே.

அப்பா: அப்ப நியாயம் எம்பக்கம்னா என்னதான் பண்றது?

மகள்: "இதுல எனக்குச் சம்மதமில்லை சார்"னு குரலை ஏத்தாமச் சொல்லுங்க. குறுக்க நிக்காதீங்க. பேரு, நேரம், இடம் குறிச்சுக்கோங்க. மீதிச் சண்டைக்குன்னே ஒரு கட்டடம் கட்டி, ஃபேன் எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. பின்லாந்துல வேகமா போனா வருமானத்தைப் பாத்து ஃபைன் போடுவாங்க. நோக்கியாவுல பெரிய அதிகாரி ஒருத்தர் மணிக்கு 50 கிலோமீட்டர்ல போக வேண்டிய ரோட்டுல பைக்ல 75ல போனார். 2002ல போட்ட ஃபைன், 1,16,000 யூரோ.

அப்பா: (ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு) யூரோவா!

மகள்: ரோட்டுல கத்தினாரா? அப்பீல் போனார். என் வருமானம் இப்ப குறைஞ்சுடுச்சுன்னு காட்டினார், பெரிய அளவுல குறைச்சுட்டாங்க.

அப்பா: வருமானம் குறைஞ்சதைக் காட்ட எனக்கு கோர்ட்டெல்லாம் வேண்டாம். உன் காலேஜ் ஃபீஸ் ரசீதைக் காட்டினாப் போதும்.

மகள்: கடைசி ஒத்திகை. சரியா பண்ணினா கிளம்பலாம்.

(இந்தத் தடவை அப்பா பிரமாதம். ஓரமாக நிறுத்தினார், அணைத்தார், கண்ணாடியை இறக்கினார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். "தெரியலை சார், சொல்லுங்க." "லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" எனக்கே கைதட்டத் தோன்றியது.)

மகள்: அருமை சார். கொடுங்க. (வாங்கிப் பார்க்கிறாள். திருப்பிப் பார்க்கிறாள்.) அப்பா, இந்தத் தேதியைப் படிங்க.

அப்பா: (புதிதாகக் கிடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு) ... மூணு மாசம் ஆச்சா?

மகள்: காலாவதி ஆகி.

அப்பா: கண்ணாடி தொலைஞ்ச அன்னிலேர்ந்து எதையுமே படிக்கலைமா.

மகள்: போன வாரம் இதைப் போலீஸ் பாக்கலையா?

அப்பா: நான் எங்க காட்டினேன்? நாலாவது ஃபைனே காட்ட மாட்டேன்னதுக்குத்தானே! (முகம் மலர்கிறது.) பாத்தியா? காட்டியிருந்தா அஞ்சாயிருக்கும். எல்லாம் ஒரு அனுபவம்தான்.

மகள்: இறங்குங்க. நீங்க ஓட்டக் கூடாது.

அப்பா: சரி, நீ ஓட்டு. எல் போர்டை மாட்டு.

மகள்: எல் போர்டு மாட்டினா லைசென்ஸ் இருக்கறவர் பக்கத்துல உக்காரணும்.

அப்பா: நான்தான் இருக்கேனே!

மகள்: நீங்க இருக்கீங்க. லைசென்ஸ்தான் இல்ல.

(போன் அடிக்கிறது. திரையில் அம்மா. அப்பாவின் இரண்டு கையும் தன்னால் ஸ்டியரிங் மேல் ஏறுகின்றன. பிறகு ஒன்றை எடுத்து, போனை மகளிடம் நீட்டுகிறார்.)

அப்பா: இவங்ககிட்ட பேசும்மா.

மகள்: இதுல நிஜமாவே லைன்ல ஆள் இருக்கு. நீங்களே பேசுங்க. ஞாபகம் இருக்கட்டும், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில்.

அப்பா: (போனில்) ஹலோ, சொல்லும்மா... எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியுமாவா? (மகள் வாயில் விரலை வைத்துக் காட்டுகிறாள்.) லைசென்ஸ் விஷயமா? மூணு மாசம்தான் ஆச்சு, நாளைக்கே போய்ப் புதுப்பிச்சுடறேன்... அது இல்லையா? அப்ப பின் பம்பர் கீறலா? கேட் இடிச்சுதுன்னு அன்னிக்கு ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டேன்... அதுவும் இல்லையா? செடிக்கு ரெண்டு நாளாத்தான் தண்ணி ஊத்தலை... ஓ... ஓஹோ... சரி. (போனை வைக்கிறார்.)

மகள்: எதுக்குக் கூப்பிட்டாங்க?

அப்பா: ரயில் ஒரு மணி நேரம் லேட்டாம். அதைச் சொல்லத்தான்.

மகள்: எத்தனை ஆச்சு?

அப்பா: மூணு. மீதியை ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கலாம்னுட்டா.